கல்முனைக்குப் போன மெட்ரோனோம்

மூன்று பேர் கொண்ட இசைக்குழுவோடு கல்முனைக்குப் போக வேண்டியிருக்கிறது, எப்படிப் போவது, எங்கே தங்குவது, பயமில்லையே என்று ஒரு வயலின்காரப் பெண் இந்த வலைப்பூவில் கேட்டிருந்தார். முதல் இரண்டு கேள்விக்கும் நாலு வரி போதும். மூன்றாவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நானும் ஒரு தடவை மூன்று பேர் குழுவோடு அதே ஊருக்குப் போனேன். அது எண்பத்தாறாம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த காலம், ஆகஸ்ட் விடுமுறை. பொழுதுபோக்காகப் படிக்க வந்தவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடலாம், கோபிக்க மாட்டேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு கடற்கரை ஹோட்டலில் சம்பளத்துக்குப் பாடிக்கொண்டிருந்தேன். இரவில் ஜாஸ், கல்யாணங்களில் எது கேட்டாலும், ஞாயிறு காலையில் தேவாலயத்தில் மேற்கத்திய சாஸ்திரியப் பாடல்கள். என் கணவர் நேசன் அதே குழுவில் கிளாரினெட் வாசித்தார். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர், அப்போது இருபத்தெட்டு வயது. இந்த இரண்டு விவரமும் அவருடைய அடையாள அட்டையில் இருந்தன. அந்தக் காலத்தில் அதுவே போதுமான குற்றம்.

மூன்றாவது ஆள் எங்கள் பியானோக்காரர் லெஸ்லி மாஸ்டர். மட்டக்களப்புப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர் வழிவந்தவர், ஐம்பத்தைந்து தாண்டியவர், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே வேகத்தில் பேசுவார். அவருக்கு உயிர் ராக்டைம். இடது கை படையணி மாதிரி சீராக நடக்க, வலது கை அதற்கு நடுவில் துள்ளிக் குதிக்கும் இசை அது. கற்றுக்குட்டிகள் அதை விரட்டி விரட்டி வாசிப்பார்கள். மாஸ்டர் அதை ஒரு பாவச் செயலாகவே நினைத்தார். விரட்டாமல் வாசிக்க எந்நேரமும் மெட்ரோனோம் வைத்துப் பழகுவார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது கோபுர வடிவத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி. சாவி கொடுத்தால் முன்னால் உள்ள கம்பி இடமும் வலமும் ஆடி டக், டக் என்று தாளம் எண்ணும். நேராக நிற்கும்போதுதான் ஆடும், சரித்தால் நின்றுவிடும்.

மாஸ்டருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. கச்சேரிக்கு முன் பாரம் தூக்க மாட்டார். விரல் விறைத்துவிடுமாம். அவருடைய பையைக் குழுவில் இளையவர் யாரோ அவர் தூக்குவார். பியானோக்காரர்கள் பலரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், நாங்கள் யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. எங்கள் குழுவில் இளையவர் நேசன்.

கல்முனையில் ஒரு டொக்டர் எங்களை ஹோட்டலில் கேட்டுவிட்டு, தங்கள் பாடசாலை மண்டபத்துக்கு வந்து வாசிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். பாடசாலையில் நல்ல பியானோ ஒன்று சும்மா கிடக்கிறது, பிள்ளைகள் ஒரு தடவையாவது இதைக் கேட்கட்டும் என்றார். நான் போக வேண்டாம் என்றேன். மேடையில் நிற்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நான் சரியான பயந்தாங்கொள்ளி. மாஸ்டருக்கோ தன் ஊர்ப்பக்கம் என்றதும் கால் நிலத்தில் நிற்கவில்லை. நேசன், போகலாமே என்று தோளைக் குலுக்கினார். இரண்டுக்கு ஒன்று, நான் தோற்றேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து விடிகாலை ரயில். மட்டக்களப்புக்கு ஏறக்குறைய முன்னூற்றைம்பது கிலோமீட்டர், பகல் முழுவதும் ஓடும். வண்டியில் மாஸ்டர் மெட்ரோனோமை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, பெட்டிமேல் விரலால் சத்தமில்லாமல் ராக்டைம் பழகினார். எதிரே இருந்த குடும்பம் அவரை வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும், எங்களுக்கு இரக்கத்தோடு வாழைப்பழம் தந்தார்கள். மட்டக்களப்பு வந்ததும் அவசரத்தில் கம்பியை ஆடாமல் பிடிக்கும் கொளுவியில் சரியாக மாட்டாமல், கொடுத்த சாவியோடு அப்படியே பைக்குள் வைத்துவிட்டார். நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை தெற்கே நாற்பது கிலோமீட்டர் அளவு. கல்லடிப் பாலம் தாண்டினால் இடது பக்கம் கடல், வலது பக்கம் வாவி, நடுவில் ஒரு தெரு, தெருவெல்லாம் ஊர். நாங்கள் பிற்பகல் மூன்றரை மணி பஸ் பிடித்தோம். நேசன் தன் கிளாரினெட் பெட்டி, என் பெட்டி, மாஸ்டரின் பை மூன்றையும் ஏற்றினார். பையை ஆசனத்துக்குக் கீழே நிறுத்தி வைத்தார். எனக்குப் பக்கத்தில் மருதமுனைக்குப் போகும் ஒரு முஸ்லிம் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். ராத்தா என்றே கூப்பிட்டேன், அந்தப் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். யார் வீட்டுக்குப் போகிறோம், பிள்ளைகள் எத்தனை, ஏன் இன்னும் இல்லை என்பதெல்லாம் காத்தான்குடி தாண்டுவதற்குள் கேட்டு முடித்துவிட்டார்.

களுவாஞ்சிகுடிக்கும் மருதமுனைக்கும் இடையில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடி. இன்றைய வாசகர்களுக்கு அதன் நடைமுறையைச் சொல்ல வேண்டும். பஸ் நிற்கும், இயந்திரத்தை அணைப்பார்கள். எல்லோரும் அவரவர் பையோடு இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடந்து, அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். பஸ் வெறுமையாக வந்து ஏற்றும். பஸ்ஸுக்குள் பை எதுவும் இருக்கக் கூடாது. அந்தத் தெருவில் நடமாடும் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். கொழும்பிலிருந்து வந்த மூன்று இசைக்காரருக்குத்தான் அது இன்னும் பழகவில்லை. நேசன் தன் பெட்டியையும் என் பெட்டியையும் எடுத்தார், பையை மாஸ்டர் எடுத்திருப்பார் என்று நினைத்தார். மாஸ்டர் வழக்கம்போல் கையை வீசிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்த சிப்பாய் ஒருவர் பின்பக்கமாகவே இறங்கி ஓடி வந்தார். ஏதோ கத்தினார். எல்லோரையும் தெருவோர மணலுக்குத் தள்ளினார்கள். குலுக்கலும் இயந்திர இரைச்சலும் ஓய்ந்து, பஸ் அசையாமல் நிற்க, ஆசனத்துக்குக் கீழே நிறுத்தி வைத்த பையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதால் எங்களுக்கும் கேட்டது. டக். டக். டக். மாஸ்டர் பழகும் அதே மெதுவான நடை. அது என்னவென்று எனக்கு அந்தக் கணமே விளங்கியது. விளங்கிய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது, ஏனென்றால் எங்களைத் தவிர அங்கே ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

யாருடைய பை என்று கேட்டார்கள். கொண்டக்டர் வாய் குழறி, அந்தத் தம்பிதான் ஏற்றினது என்று நேசனைக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கண்டதைச் சொன்னார். நேசனை வரிசையிலிருந்து இழுத்து, தெரு நடுவில் முழந்தாளில் இருத்தி, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் துவக்கின் வாயை அவர் பிடரியில் வைத்தார். நான் ஓடப் போனேன். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

“ஓடாத புள்ள. நீ ஓடினா அவனுகள் சுட்டுப்போடுவானுகள். நின்ட இடத்துல நின்டு கத,” என்றார் காதுக்குள்.

நின்ற இடத்தில் நின்று கதைத்தேன். என் சிங்களம் ஹோட்டல் சிங்களம், குளிர்பானம் கொண்டுவரச் சொல்லப் போதும், உயிரைக் காப்பாற்றப் போதாது. அது ஒரு மணிக்கூடு மாதிரி என்றேன். அதிகாரி, என்ன நேரம் காட்டும் என்று கேட்டார். நேரம் காட்டாது என்றேன். அப்படியென்றால் எதற்கு ஓடுகிறது? எண்ணுவதற்கு. எது வரைக்கும் எண்ணும்? சாவி தீரும் வரைக்கும். சாவி தீர்ந்தால்? நான் சொன்னதில் ஒரு பொய் இல்லை. சொன்ன ஒவ்வொரு உண்மையும் நேசனின் பிடரியில் துவக்கை இன்னும் அழுத்தியது. துவக்குப் பிடித்த அந்தச் சிப்பாய்க்கு என் தம்பி வயதுதான் இருக்கும். அவருடைய விரல் விசையைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பயமாக இருந்தது.

அந்தப் பக்கம் போய்விட்ட மாஸ்டருக்கு அந்தத் தூரத்தில் சத்தம் கேட்கவில்லை. நேசன் முழந்தாளில் இருப்பதைத்தான் கண்டார். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு திரும்பி நடந்து வந்தார். பை தன்னுடையது என்று சிங்களத்தில் சொன்னார். உன்னுடையதென்றால் இவன் ஏன் தூக்கினான் என்று அதிகாரி கேட்டார். கச்சேரிக்கு முன் நான் பாரம் தூக்குவதில்லை என்று மாஸ்டர் சொன்னபோது அவர் குரல் எவ்வளவு சின்னதாகிவிட்டது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிகாரி பஸ்ஸைக் காட்டி, போய் நீயே தூக்கு என்றார்.

மாஸ்டர் போனார். பஸ்ஸுக்குக் கிட்டப் போகப் போக அவர் கால் அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி விழுந்ததைக் கண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, எங்களுக்கு அப்படித்தான் பழகிவிட்டது. நானும் அதே கணக்கில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போனார். பையைத் தூக்கினார்.

தூக்கியதும் அது சரிந்தது. சரிந்ததும் சத்தம் நின்றது.

மணலில் நின்ற அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள். அதிகாரியும் விழுந்தார். துவக்கின் பூட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. நேசன் கண்ணை மூடியிருந்தார். நான் நின்றுகொண்டேயிருந்தேன், தைரியத்தால் அல்ல, நேசனைப் பார்த்துக்கொண்டிருந்ததால். ராத்தா மணலில் கிடந்தபடி என் கையை விடாமல் கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் பஸ் படியில் வந்து நின்று, பையைத் திறந்து, மரக்கோபுரத்தை எல்லோரும் பார்க்கும்படி படியில் நிறுத்தினார். கம்பி ஆடத் தொடங்கியது. டக், டக். பிறகு ஒரு விரலால் அதைப் பிடித்துக் கொளுவியில் மாட்டினார். நின்றது. திரும்ப விட்டார், ஆடியது. பிடித்தார், நின்றது. பியானோ தெரியுமா என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். அதிகாரி மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

அதற்குப் பிறகும் எங்களை விடவில்லை. கிளாரினெட் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐந்து கறுப்புத் துண்டுகள். ஒன்றோடொன்று பூட்டிக் காட்டச் சொன்னார்கள். நேசனால் முதல் இரண்டு துண்டைக்கூடப் பூட்ட முடியவில்லை. நான் பூட்டிக் கொடுத்தேன். வடமராட்சிக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். எல்லாம் முடிந்து பஸ் ஏறும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. ராத்தா மட்டும் வாய் ஓயாமல் ஏசினார், இப்படியொரு சாமானை இந்தப் பக்கம் கொண்டு வருவதா, உங்களுக்கெல்லாம் மூளை எங்கே போனது என்று. மருதமுனையில் இறங்கும் வரை என் கையை அவர் விடவில்லை.

அடுத்த நாள் கச்சேரி. அங்கே நிகழ்ச்சி வைப்பவர்கள் கவனிக்க: அந்தி நேரத்து மஹ்ரிப் தொழுகை முடிந்த பிறகுதான் தொடங்குவார்கள், இரவுத் தொழுகையான இஷாவுக்கு இடைவேளை விட வேண்டும். எங்களுக்கு அது மிக வசதி. முதல் பாதியில் சாஸ்திரியப் பாடல்கள், இடைவேளைக்குப் பிறகு ராக்டைமும் ஜாஸும். மண்டபம் நிறைந்திருந்தது, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நேசன் ஒரு பிசகில்லாமல் வாசித்தார். எனக்கு அதுவும் பயமாக இருந்தது, ஏனென்றால் முதல் நாளிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது பாதியில், ராக்டைமின் நடுவில், பின்னால் எங்கோ ஒரு கதிரை தடாலென்று விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் வெட்டியது போல் நின்றுவிட்டோம். மண்டபமும் அப்படியே உறைந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து டொக்டர் மெதுவாகச் சொன்னார்: “கதிரதான் விழுந்த. நீங்க வாசிங்க.” மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அன்றைக்கு அவர் விரட்டித்தான் வாசித்தார்.

டொக்டர் வீட்டில் எருமைத் தயிரும் வட்டிலாப்பமும் தந்தார்கள். நல்ல சாப்பாடு, எனக்கோ நினைப்பெல்லாம் திரும்பும் வழியில். வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும், வேறு ஒழுங்கான பாதை அப்போது எங்களுக்கு இல்லை. தன் காரில் அனுப்பலாம், ஆனால் தனிக் காரைவிட சனம் நிறைந்த பஸ்தான் பாதுகாப்பு என்றார் டொக்டர்.

காலையில் கல்முனை பஸ் நிலையத்தில் நேசன் முதல் தடவையாக வாய் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாகப் போக வேண்டும் என்றார். தனித்தனி டிக்கெட், தனித்தனி ஆசனம், அவரவர் பை அவரவர் கையில். அவரை இறக்கினால் நான் இறங்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. நான் முடியாது என்றேன். நான் உம்முடைய மனைவி, செத்தாலும் சேர்ந்தே இறங்குவேன் என்று, நாடகத்தில் வருகிற மாதிரி ஏதேதோ சொன்னேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எங்கள் முதல் சண்டை அது, அதையும் குசுகுசுவென்றே போட வேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு பேரையும் பிடிச்சா எங்களை ஆர் தேடுறது? வெளியில ஒராள் இருக்க வேணும். அது நீர்தான்.”

நான் என் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மாஸ்டர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்கதவால் ஏறினார். நேசன் நடுவில் இருந்தார். நான் பின்னால், அவர் தலையின் பின்பக்கம் தெரிகிற இடத்தில்.

அதே சாவடி. ஆட்கள் வேறு. ஆண்கள் வரிசை பெண்கள் வரிசைக்கு இரண்டு முழத் தூரத்தில் நகர்ந்தது. நேசனின் அட்டையை வாங்கிப் பார்த்தவர் பிறந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார். கொச்சைத் தமிழில், யாரோடு வந்தது என்று கேட்டார்.

“ஒருத்தருமில்லை. தனியத்தான் வந்தனான்,” என்றார் நேசன்.

குரல் துளியும் ஆடவில்லை. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. வரிசை நகர்ந்தது. என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். தனிய என்றேன். அவரைத் தாண்டி நடந்தேன், இரண்டு முழத் தூரத்தில், ஏதோ ஓர் ஆள் நிற்கிற மாதிரி. அந்தப் பக்கம் போய் நின்று, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது, சனம் ஏறியது, நானும் ஏறினேன். அவர் இன்னும் அங்கேதான் நின்றார். கொண்டக்டர் விசில் ஊதக் கையைத் தூக்கும்போதுதான் அவரை விட்டார்கள். ஓடி வந்து ஏறினார். என்னைக் கடந்து போகும்போது யாரோ ஒரு பெண்ணின் பையில் கால் இடறியதற்கு மன்னிப்புக் கேட்பது போல் ஏதோ சொன்னார். அது என் பை.

ரயிலிலும் அப்படியே. பொலன்னறுவை தாண்டிய பிறகுதான் தேநீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அழுதேன், அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

இனி உங்கள் கேள்விகள். போன வருடம் நாங்கள் இருவரும் திரும்பவும் போனோம், மாஸ்டர் இப்போது இல்லை. மட்டக்களப்பிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் எடுக்கும். இடது பக்க ஆசனம் பிடியுங்கள், கடல் தெரியும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பூட்டியிருக்கும், அந்த நேரம் போய் இறங்க வேண்டாம். கல்முனை நகரத்தில் தங்க விடுதிகள் உண்டு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வாத்தியங்களை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், திருட்டுக்காக அல்ல, தெருவின் குலுக்கலுக்காக. மாஸ்டர் அதற்குப் பிறகு எந்தக் கச்சேரிக்கும் தன் பையை வேறு ஆளிடம் கொடுத்ததில்லை. நீங்களும் கொடுக்க வேண்டாம். பயமில்லையா என்று கேட்டால், தெருவில் பயப்பட இப்போது ஒன்றுமில்லை. சாவடி இருந்த இடத்தில் ஒரு பழக்கடை இருக்கிறது. நான் மட்டும் அந்த இடம் வந்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன், அது எனக்கும் என் வயதுக்கும் உள்ள பிரச்சினை.

போன வருடம் மட்டக்களப்பில் பஸ் ஏறியதும் நான் பழக்கதோஷத்தில் பின்னால் ஓர் ஆசனத்தைப் பார்த்துப் போனேன். நேசன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில், யன்னலோரம் இருத்தினார். கொண்டக்டர் வந்து எத்தனை டிக்கெட் என்று கேட்டார்.

“கல்முனை, ரெண்டு,” என்றார் நேசன். கொண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்த பிறகும் நேசன் விடவில்லை. “நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வந்தனாங்கள்.”

அது யாருக்கும் தேவையில்லாத தகவல். கொண்டக்டர் சரி ஐயா என்று மிச்சக் காசைத் தந்துவிட்டு அடுத்த ஆசனத்துக்குப் போனார்.